அறுநூற்றுப் பத்து கிராம்

பதினாறு கிலோ என்றால் பதினாறு கிலோதான். அதற்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் பெட்டி தரையில் கிடக்கும், கலம் மேலே போய்விடும். சரக்குக் கலத்துக்காரர்கள் அனுப்பிய நானூறு பக்கப் புத்தகத்தில் இந்த ஒரு வரியை மூன்று வருஷமாகப் படித்துப் படித்து, எப்சிக்குக் கர்த்தருடைய ஜெபத்தைவிட நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், உடைமரக் காடு தொடங்குகிற இடத்தில் அவளுடைய கொட்டகை. ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. அங்கே செய்த பெட்டி ஒன்று விண்வெளி நிலையத்துக்குப் போகப் போகிறது. நிலையத்தில் தங்கியிருப்பவர்கள் விடும் மூச்சிலும் சிந்தும் வியர்வையிலும் இருக்கிற ஈரத்தைப் பிடித்து, குடிக்கிற தண்ணீராக்கித் தரும் பெட்டி. காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. கொட்டகையில் எல்லாருக்கும் அது தண்ணிப் பெட்டி.

தொண்ணூறு நாள் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும். ஓடிவிட்டால் அடுத்த பெரிய பெட்டியைச் செய்யும் வேலை எப்சிக்கு. நடுவில் நின்றால் ஆறு வருஷ உழைப்பு ஒரு கோப்புக்குள் போய்த் தூங்கும். மேலே போய் ரிப்பேர் பார்த்துவிட்டு வர அது ஒன்றும் வண்ணார்பேட்டை இல்லை.

புத்தகத்தில் இருந்த மற்றதையெல்லாம் சமாளித்துவிட்டாள். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, மூலை கூராக இருக்கக் கூடாது, பசை வாடை அடிக்கக் கூடாது, எல்லாம் சரி. எடைதான் கழுத்தை அறுத்தது. கம்ப்யூட்டரில் கூட்டிப் பார்த்தால் பதினாறுக்குள் வருகிறது. தராசில் வைத்தால் பதினேழு காட்டுகிறது. நாலு மாசம் ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கம்பிகளை விரல் விரலாக வெட்டினார்கள். திருகாணிகளின் தலையைச் சீவினார்கள். பெயர்ப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைக்கூட ஜாஸ்பர் கத்தரியால் நறுக்கினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாஸ்பர் அவளுடைய சோதனைப் பிரிவு இன்ஜினியர், இருபத்தெட்டு வயது, அந்த நாலு மாசத்தில் அவனே மூன்று கிலோ இளைத்துவிட்டான்.

பெட்டி பதினாறு கிலோ அறுநூற்றுப் பத்து கிராமில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

கடைசியில் எப்சி ஸ்பேர் பம்பைக் கழற்றினாள். அதைக் கழற்றிய அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. பெட்டிக்குள் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று நின்றால் இன்னொன்றை ஓட்டிக்கொள்ளலாம். கொட்டகையில் வைத்துச் சோதித்தபோது, பாளையங்கால்வாயிலிருந்து கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி ஓட்டியபோது, நாற்பத்தேழாம் நாள் முதல் பம்பு இறுகி நின்றுவிட்டது. ஸ்பேர்தான் மீதி நாட்களை ஓட்டி மானத்தைக் காப்பாற்றியது. அந்த ஸ்பேரின் எடை, தாங்கியோடு சேர்த்து, அறுநூற்றுப் பத்து கிராம். அதை எடுத்ததும் தராசு மிகச் சரியாகப் பதினாறு காட்டியது. வேறு எதை எடுத்தாலும் பெட்டி பெட்டியாகவே இருக்காது என்று ஆன பிறகுதான் அதில் கை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாக் காகிதங்களிலும் கையெழுத்தாகிவிட்டது. உள்ளே என்னென்ன சாமான், எத்தனை, மொத்தம் எவ்வளவு எடை, எல்லாவற்றையும் எழுதி, சரக்குக் கலத்து அலுவலகம் இனி மாற்ற முடியாதபடி பட்டியலைப் பூட்டியது. பம்பு: ஒன்று. எடை: பதினாறு கிலோ.

மறுநாள் சனிக்கிழமை பாளையங்கோட்டையில் அவர்கள் சபையின் அசனம்.

அசனம் என்றால் ஊரே கோயில் வளாகத்தில்தான். ஆளுயரச் சருவங்களில் சோறு வடித்து, கறிக் குழம்பு வைத்து, வந்தவர், போனவர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பாராமல் பந்தி போடுவார்கள். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்குத் தனி வரிசை. அந்த வரிசைக்குச் சோறு போடும் பொறுப்பு வருஷா வருஷம் கிருபைராஜ் அண்ணாச்சிக்குத்தான். வேறு யார் போட்டாலும் ஜனங்கள் வரிசை மாறி அவரிடமே வந்துவிடுவார்கள். தூக்குவாளி மூடாத அளவுக்குப் போட்டு, அதற்கு மேல் ஒரு கரண்டி போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

தச்சநல்லூரில் அவருக்குப் பட்டறை. காற்றாலைக்கான உதிரிகள், பம்ப்செட் சாமான்கள், படகு இன்ஜினுக்கான தாங்கிகள் எல்லாம் கடைந்து தருவார். அவர் சாமான் உடைந்தது என்று திரும்பி வந்ததாக முப்பது வருஷத்தில் ஒரு பேச்சுக்கூடக் கிடையாது. தண்ணிப் பெட்டியின் உடம்பைச் செய்தவரும் அவர்தான்.

எப்சி தூக்குவாளியை நீட்டினாள்.

"எப்சிம்மா, பெட்டி முடிஞ்சுட்டா?" என்றார் கரண்டியை எடுத்தபடி.

"முடிஞ்சுட்டு அண்ணாச்சி. நேத்து கையெழுத்தும் ஆச்சு. ஸ்பேர் பம்பத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. எடை நிக்கவே மாட்டேன்னுட்டு."

"அட, ஒண்ணும் பயப்படாதிய." அவர் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் ஒரு பெருமை வழிந்தது. "உங்ககிட்ட சொல்லல. பெட்டிக்கு ரெண்டு பக்கமும் நீளச் சுவரு இருக்குல்லா, படத்துல மூணு எம்.எம். போட்டிருந்திய. பம்பு தொங்குத சுவராச்சே, ஆகாசத்துல என்ன குலுக்கு குலுக்குமோன்னு நாலு வச்சுட்டேன். ரெண்டுக்கும். கூடுதல் சாமானுக்கு நான் ஒண்ணும் கேக்கல, நம்ம பிள்ள செய்யுத வேலைன்னுதான்."

எப்சியின் கையில் தூக்குவாளி அப்படியே நின்றது. நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு இருபத்தைந்து. ஒரு மில்லிமீட்டர் கூடுதல். இரண்டு சுவர். அலுமினியம். மனசு தானாகப் பெருக்கிக்கொண்டே போனது. அறுநூற்றேழு வந்தது. மூலை மடிப்பையும் சேர்த்தால் அறுநூற்றுப் பத்து.

"நாலா?" என்றாள்.

"நாலு. சுத்தமா நாலு."

"எங்கிட்ட ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பிய. கூடப் போட்டதுக்கு யாராவது ஏசுவாவளா?"

ஏசினாள். வரிசையில் பாத்திரத்தோடு நின்ற நாற்பது பேருக்கும், அந்தப் பக்கம் இலை போட்டுக்கொண்டிருந்த பாக்கியவதி டீச்சருக்கும் கேட்கும்படி ஏசினாள். "நீங்க கூடப் போட்ட அந்த ஒரு எம்.எம்.முக்குத்தான் அண்ணாச்சி நான் பம்பக் கழத்துனேன்! நாலு மாசம் ஒவ்வொரு கிராமா பிச்சை எடுத்திருக்கோம். திருகாணித் தலையச் சீவியிருக்கோம். உங்க நல்ல மனசு இருக்குல்லா, அது என் குடியக் கெடுத்துட்டு!"

கிருபைராஜின் முகம் விழுந்துவிட்டது. கரண்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவாமலேயே பின்கேட் வழியாகப் போய்விட்டார். எப்சிக்கு அடுத்த நிமிஷமே சங்கடமாகிவிட்டது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

வேப்பமரத்தடிக்கு வந்து ஜாஸ்பருக்குப் போன் போட்டாள். "ஏலே, சுவர் வந்தப்ப நீதான அளந்த?"

"ஆமாக்கா. மூணுக்குக் குறையுதான்னு பாத்தேன். குறையல. டிக் போட்டேன்."

"கூட இருக்கான்னு பாக்கலயா?"

"கூட இருக்கான்னு எதுக்குக்கா பாக்கணும்?" என்றான் அவன், உண்மையிலேயே புரியாமல்.

அவனைச் சொல்லி என்ன பிரயோசனம்? இந்த ஊரில் யார் எதை வாங்கினாலும் குறைகிறதா என்றுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். துணி குறைகிறதா, கம்பி குறைகிறதா, சிமெண்ட் மூட்டை குறைகிறதா. கூட இருந்தால் கடைக்காரன் நல்லவன் என்று வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த டிக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் எப்சி. கோபத்தை முழுசாக யார்மீதும் கொட்டக்கூட அவளுக்கு வழியில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கள்கிழமை காலையில் கொட்டகை வாசலில் கிருபைராஜின் பைக் வந்து நின்றது. பின்சீட்டில் பழைய போர்வையில் சுற்றி இரண்டு தகடுகள்.

"சுத்தமா மூணு," என்றார். எப்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. "குறையவும் இல்ல, கூடவும் இல்ல. ஜாஸ்பரு, ரெண்டு விதமாவும் அளந்துக்கலே."

"எப்ப அண்ணாச்சி செஞ்சிய?" என்றாள் எப்சி.

அவர் போர்வையைப் பிரிக்கத் தொடங்கினார். ஜாஸ்பர்தான் பிறகு காதோடு சொன்னான். "நேத்து ஆராதனை முடிஞ்ச கையோட பட்டறையத் தொறந்துட்டாராம்க்கா. ஞாயித்துக்கிழமை அவரு மிஷின் ஓடுன சத்தத்த தச்சநல்லூர்ல ஒருத்தரும் கேட்டதில்லையாம். ரோட்டுல நின்னு பாத்தாங்களாம்." எப்சி அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை ஆட்டி, "மொதல்ல மாட்டுங்க, பெறவு பேசுவோம்," என்றுவிட்டார்.

பழைய சுவர்களைக் கழற்றிப் புதுசை மாட்டினார்கள். தராசில் பதினைந்து கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு. ஜாஸ்பர் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து ஸ்பேர் பம்பைக் கொண்டுவந்து, அதன் பழைய இடத்தில் வைத்து, நான்கு போல்ட்டையும் கையாலேயே திருகினான். எண்கள் ஏறி, ஆடி, நின்றன. பதினாறு கிலோ. மிகச் சரியாகப் பதினாறு.

ஜாஸ்பர் கத்தினான். முத்துராணி என்ற வயரிங் பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு அழுதாள். கிருபைராஜ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி விஷயத்தில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

எப்சி கணேஷ்ராமைப் போனில் கூப்பிட்டாள்.

கலத்துக்குள் எந்தச் சரக்கு எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிற அதிகாரி அவர். இருப்பது ஆயிரம் மைலுக்கு அப்பால், பிறந்தது திருநெல்வேலி டவுனில் சந்திப்பிள்ளையார் முக்குப் பக்கம். எப்சி யார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளிடம் ஊர்ப் பேச்சுதான் பேசுவார். தங்கமான மனுஷன். நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளவும் முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்ல சேதிதான் மேடம்," என்றார். "ஆனா பம்ப உள்ள வைக்க முடியாது."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை பூட்டுன பட்டியல்ல ஒரு பம்புதான் இருக்கு."

"அதுக்கு முந்துன பட்டியல்ல ரெண்டு இருந்துச்சே! நீங்கதான பாத்து சரின்னு சொன்னிய?"

"சொன்னேன். பெறவு நீங்கதான எடுத்திய. திரும்ப வைக்கணும்னா பாதுகாப்புக் குழு கூடணும். கலம் குலுக்குத குலுக்கலத் தாங்குதான்னு எங்க கூடத்துல சோதிக்க வேற தேதி வாங்கணும். எல்லாம் முடிய அஞ்சு மாசம் ஆவும். அதுக்குள்ள கலம் போயிரும் மேடம். அடுத்த கலத்துல இடம்னா இருபத்திரண்டு மாசம்."

எப்சி கண்ணை மூடிக்கொண்டாள். "சரி. பம்பு வேண்டாம். இப்படியே குறைஞ்ச எடையோட போட்டும். உங்களுக்கும் அறுநூறு கிராம் மிச்சம்."

"அதுவும் முடியாது மேடம்."

"என்னது?"

"பதினாறுன்னு எழுதிருக்கிய. கூடவே கூடாது, அம்பது கிராம் வரைக்கும் குறையலாம். அதுக்கு மேல குறையக் கூடாது. எல்லாச் சரக்கையும் வச்சு இடவலம் சமம் பாத்து முடிச்சாச்சு. பாரம் ஏத்துன வண்டி ஒரு பக்கம் சாஞ்சா என்ன ஆவும்? அந்தக் கதைதான்."

"நாலு மாசமா ஒரு கிராம் கூடக் கூடாதுன்னு என் உயிர வாங்குனிய. இப்ப குறையக் கூடாதுன்னு சொல்லுதிய!"

"ரெண்டும் ஒரே விதிதான் மேடம். அறுபத்தோராம் பக்கம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிருபைராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "பழைய சுவரையே திரும்ப மாட்டிருவமா? எடை சரியா வந்துருமே," என்றார்.

"யாரு, சுவர் செஞ்ச அண்ணாச்சியா?" என்றார் கணேஷ்ராம். "படத்துல மூணுன்னு இருக்கு. நாலுன்னு எங்களுக்குத் தெரியாத வரைக்கும் சரி. இப்ப தெரிஞ்சுட்டே. தெரிஞ்ச பெறவு நான் எப்படி ஏத்துவேன்?"

எப்சிக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. ஒளிக்காமல் சொன்னதற்கு இதுதான் வெகுமதி.

"ஒரு வழி இருக்கு மேடம்," என்றார் அவர், தயங்கித் தயங்கி. "வெறும் எடை வைக்கலாம். ஒரே துண்டு உலோகம். உள்ள எதுவும் அசையக் கூடாது, கம்பி சேக்கக் கூடாது, எண்ணெய் ரப்பர் எதுவும் இருக்கக் கூடாது. அதுக்குக் குழு கூட வேண்டாம், நானே கையெழுத்துப் போட்டுருவேன். இன்னைக்கே."

"இருங்க. நான் சரியாத்தான் கேக்குதேனான்னு சொல்லுங்க. உபயோகம் இல்லாத சாமான்னா இன்னைக்கே ஏத்தலாம். உபயோகம் உள்ளதுன்னா இருபத்திரண்டு மாசம்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "அப்படித்தான் மேடம் வருது."

"கம்பி இணைக்காம, பம்பையே வெறும் எடைன்னு வைக்கட்டுமா? அங்க போன பெறவு வேணும்னா இணைச்சுக்கட்டும்."

"ஒரு மணி நேரம் குடுங்க. மேல கேட்டுப் பாக்கேன்," என்றார்.

அந்த ஒரு மணி நேரம் கொட்டகையில் யாரும் ஒரு வேலையும் பார்க்கவில்லை. முத்துராணி போட்டு வைத்த டீ ஆடை கட்டிப்போனது. ஐம்பத்தைந்தாம் நிமிஷத்தில் போன் அடித்தது. கணேஷ்ராமின் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "ஒரே துண்டு இல்லன்னுட்டாங்க மேடம். உள்ள ரப்பர் இருக்கு, எண்ணெய் இருக்கு. நானும் சண்டை போட்டுப் பாத்தேன். நம்ம ஊரு ஆளுக்குப் பரிஞ்சு பேசுதேன்னு எனக்கே பேரு கெட்டுப்போச்சு."

ஒரு பம்போடு இப்போதே போவதா, இரண்டு பம்போடு இருபத்திரண்டு மாசம் காத்திருப்பதா? எப்சி எழுந்து வெளியே போய் உடைமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமாகக் கூட நிற்கிற ஆறு பேரிடம் இன்னும் இரண்டு வருஷம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அந்த அடுத்த கலம் சொன்ன தேதியில் போகும் என்று யார் கண்டது? ஒரு பம்பே தொண்ணூறு நாள் ஓடினாலும் ஓடும். நாற்பத்தேழு நாளில் நின்றது சும்மா ஒரு கெட்ட நேரமாகக்கூட இருக்கலாம். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

உள்ளே வந்து, "வெறும் எடையே வைப்போம்," என்றாள்.

கிருபைராஜ் பட்டறையில் பித்தளையை எடுத்தார். எப்சியும் கூடப் போயிருந்தாள். பம்பு உட்கார்ந்திருந்த அதே இடம், அதே நான்கு துளை, அதே எடை. அவர் கடைந்து, அறுத்து, துளையிட்டு, சின்னத் தராசில் வைத்தார். அறுநூற்றுப் பதினான்கு. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். அறுநூற்றுப் பதினொன்று. உப்புத்தாளால் தேய்த்தார். விரலெல்லாம் மஞ்சள் தூள். தராசு அறுநூற்றுப் பத்தில் வந்து நின்றது.

"முப்பது வருஷத்துல இப்படிக் கருமித்தனமா நான் ஒரு சாமானும் செஞ்சது இல்லம்மா," என்றார்.

"அன்னைக்கு அத்தனை பேரு முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணாச்சி."

"நீங்க பேசுனது சரி. நான்தான கேக்காம செஞ்சேன்." பித்தளைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். என் ஒரு எம்.எம். அங்கன ஏதாவது ஒரு பிடிமானத்துக்கு இருந்திருக்கும். இந்தச் சவம் எதுக்கு இருக்கு?"

அப்படிச் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. போகிற இடம் பெரிய இடம் என்று அதை மெருகேற்றி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கித்தான் கொடுத்தார். பித்தளையை மாட்டிய பெட்டியைக் கொட்டகையிலேயே குலுக்கிப் பார்த்தார்கள். எடை சரி. கணேஷ்ராம் கையெழுத்துப் போட்டார். கழற்றிய ஸ்பேர் பம்பு எப்சியின் மேஜைக்கு வந்தது. மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க அதை அவற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

மூன்று மாசம் கழித்துக் கலம் போனது. கொட்டகையில் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கலம் நிலையத்தில் போய் ஒட்டியது. பெட்டியை எடுத்து மாட்டினார்கள். முதல் சொட்டுத் தண்ணீர் கிடைத்த செய்தி வந்த அன்று ஜாஸ்பர் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அன்றிலிருந்து தினம் காலை பத்து மணிக்குக் கிருபைராஜ் போன் பண்ணுவார். ஒரே கேள்விதான். "ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி."

"சரி," என்று வைத்துவிடுவார்.

நாற்பத்தைந்தாம் நாள். நாற்பத்தாறாம் நாள். நாற்பத்தேழாம் நாள் எப்சி காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையில் பம்பின் சுற்று எண் ஒரே அளவாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு பிறந்ததும் ஜாஸ்பர் எல்லாருக்கும் வடையும் டீயும் வாங்கி வந்தான். "நாமதான்க்கா பயந்து செத்தோம், அது பாட்டுக்கு ஓடுது," என்றான். எப்சியும் அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு எண் குறையத் தொடங்கியது. ஒன்பது மணிக்குப் பாதியானது. ஒன்பது பத்துக்குப் பூஜ்யம். நிறுத்திப் போட்டுப் பார்த்தார்கள், திருப்பிச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள், தரையிலிருந்து என்னென்ன கட்டளை அனுப்ப முடியுமோ அத்தனையும் அனுப்பினார்கள். அசையவில்லை. பூமியில் எப்படி இறுகியதோ அப்படியே இறுகிவிட்டது. ஜாஸ்பர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு நிலையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கணேஷ்ராம் அதை அப்படியே முன்னே தள்ளியிருந்தார், மேலே தன் பங்குக்கு ஒரு சொல்கூட எழுதவில்லை. அங்கே பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் விண்வெளி வீராங்கனை எழுதியிருந்தாள்:

'மூடியைத் திறந்து பார்த்தேன். பம்பு நின்றுவிட்டது, கையால் தள்ளினாலும் நகரவில்லை. ஆனால் கவலைப்படாதீர்கள். பக்கத்திலேயே நான்கு போல்ட்டில் பளபளவென்று மஞ்சளாக ஒன்று இருக்கிறது. இவ்வளவு அழகாக முடித்த பாகத்தை இங்கே நான் வேறெதிலும் பார்த்ததில்லை. அதுதானே ஸ்பேர்? எப்படி இணைப்பது என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது.'

எப்சி அதை இரண்டு தரம் படித்தாள். பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தாள். 'அது' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. மேஜையில் கிடந்த பம்பைக் காகிதங்களின் மேலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். விசிறிக் காற்றில் காகிதங்கள் ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

பத்து மணிக்குப் போன் அடித்தது.

"ஓடுதா?" என்றார் கிருபைராஜ்.

"நின்னுட்டு அண்ணாச்சி."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை அவர் அணைக்கிற சத்தம் கேட்டது. "நம்ம பித்தள?" என்றார்.

"அது நல்லாருக்கு. ரொம்ப அழகா இருக்குன்னு அந்தப் பிள்ள எழுதிருக்கு."

"அறுநூத்திப் பத்து சரியா வச்சோமே. அங்கன போயும் அவ்வளவு நிறுக்குதா?"

"அங்கன எதுக்குமே எடை கிடையாது அண்ணாச்சி. எல்லாம் மிதக்கும். அதுவும் ஒண்ணுமே நிறுக்காது."

"பெறவு எதுக்கும்மா அத ஏத்தி விட்டோம்?" என்றார் கிருபைராஜ்.

அந்தப் பிள்ளை சொன்ன நாற்பது நிமிஷத்தில் இருபத்தைந்து மிச்சமிருந்தது. எப்சியின் கையில் பம்பு கனத்தது, அறுநூற்றுப் பத்து கிராமும்.